கூட்டேரிப்பட்டுத் திருப்பத்தில் நின்ற வண்டி

கிர்ர்க்... கிர்ர்க்...

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது ஜெசிந்தா உள்ளறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கம்பியைக் கம்பியோடு முறுக்கும் சத்தம். வேறு யாருக்கும் அதைக் கேட்டால் பல் கூசும். அவளுக்கோ நெஞ்சு நிறையும். தன்னைப் பற்றிக் கவலைப்பட இந்த உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த அத்தாட்சி அதுதான்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தேவநாதன் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்தில் அவள் மோட்டார் சைக்கிள் வாங்கிய ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர். முன்னறையை வண்டியே அடைத்துக்கொண்டிருந்ததால் வந்தவரை அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார வைக்க முடிந்தது. மூலையில் கழுவிக் கவிழ்த்திருந்த மீன் பெட்டியைப் பார்த்ததுமே அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். இன்னும் எடுக்கவில்லை.

“நேராவே சொல்லிடறேம்மா. வண்டில ஒரு கொறையும் இல்ல. நீங்க ஏத்தற மீனோட உப்புத் தண்ணி உள்ள எறங்குது. அதுக்கெல்லாம் வாரண்ட்டி கெடையாது. இன்னிக்கு நானே ஓட்டிப் பாக்கறேன். நிக்கலன்னா இத்தோட விட்டுடணும். ஷோரூம் பக்கம் வந்து பேஜாரு பண்ணக் கூடாது.”

“நின்னுச்சுன்னா?”

“நிக்காதும்மா.”

“நின்னுச்சுன்னா இன்னா சார்?”

குரலை உயர்த்தாமல் கேட்டாள். அந்தக் குரல் அவருக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது. “நின்னா நான் பொறுப்பு” என்றார், டீயை வாங்கிக்கொண்டே.

“அது போதும். டீயக் குடிங்க. பெட்டி இங்கியே இருக்கட்டும். மீனு இல்ல, ஐசு இல்ல, ஒரு சொட்டு உப்புத் தண்ணி இல்ல. வெறும் வண்டியா ஓட்டுங்க. நான் பின்னால உக்கார்றேன்.”

தேவநாதனுக்கு டீ கொஞ்சம் சுட்டது.

திண்டிவனத்தின் ஓரத்தில், ரயில் பாதையைத் தாண்டி இருக்கிற அந்தத் தெருவில் ஜெசிந்தாவைத் தெரியாதவர்கள் இல்லை. விடியும் முன்பே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய்விடுவாள். படகுகள் கரையேறும் நேரத்தில் மீனை ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். எந்த வீட்டில் நெத்திலிக்கு அடிதடி நடக்கும், எந்த வீட்டில் சங்கரா மட்டும்தான் ஏறும், எந்தத் தெருவில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வேண்டும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில்.

அதற்கு முன்பு அவள் கூடையோடு பஸ்ஸில் போனவள். ஒரு மழைக்காலத்துக் காலையில், ஊரும் இல்லாத நிழற்குடையும் இல்லாத ஓரிடத்தில் கண்டக்டர் விசில் ஊதினார். நாற்றம் தாங்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், இறங்கிக்கொள் என்றார். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் மீன் வாங்கித் தின்கிறவர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூடை இறங்கியது. அவளும் இறங்கினாள். பஸ் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

மழையில் நின்று அவள் அழுதாள். கண்ணீர் எது, மழை எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அழுது முடித்துக் கூடையைத் தலையில் ஏற்றியபோது ஒன்றைத் தீர்மானித்திருந்தாள். இனி எவனும் என்னை நடுவழியில் இறக்கிவிடக் கூடாது.

வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் அவள் கணவன் சேரன். அப்போது அவன் சென்னையில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். தூணுக்கும் தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன், இரும்புக் கம்பிகளைச் சன்னமான கட்டுக் கம்பியால் சுற்றி, கையிலிருக்கும் கொக்கியால் முறுக்கிப் பிணைக்கிற வேலை. சேரன் போட்ட கட்டை அவனே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். லீவில் வந்த அவன், கடன் வாங்கி எடுத்த ஒரு பழைய வண்டியில் அவளை முன்னால் உட்கார வைத்து, காலி மனையில் சுற்ற வைத்தான். கிளச்சை விடு என்பான், அடுத்த நொடி பிடி என்பான். விடவா பிடிக்கவா, ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அந்த வாரம் இருவரும் வேலிக்கருவையில் விழாத நாளில்லை. ஆனாலும் அவள் கற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு விதி விளையாடியது. கட்டிக்கொண்டிருந்த தளத்திலிருந்து சேரன் விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. கம்பு ஊன்றி நடக்கலாம், சாரம் ஏற முடியாது. கொக்கியும் மிச்சக் கட்டுக் கம்பியும் ஒரு பையில் ஆணியில் தொங்கின. குடும்பம் முழுவதும் ஜெசிந்தாவின் மீன் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய வண்டி இனித் தாங்காது என்றுதான் ஆயுத பூஜைச் சலுகையில் விழுப்புரம் போய்ப் புது வண்டி எடுத்தார்கள்.

சாவி கொடுக்கும்போது ஷோரூம்காரர்களே சூடம் காட்டினார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். இன்னொரு பழத்தை மிளகாயோடு நூலில் கோத்து, முன் விளக்கின் அடியில் கட்டிவிட்டு, இதை அவிழ்க்காதீர்கள், வண்டிக்குக் காவல் என்றார்கள். ஜெசிந்தா மாதா கோயிலுக்குப் போகிறவள். சிலுவை போட்டுக்கொண்டு, டாங்கின் மேல் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டினாள். சேரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, “ரெண்டு பேரும் பாத்துக்கட்டும். ரோடு பெரிய ரோடு” என்றான்.

ஒருநாள் மழையில் அந்த நூல் இற்று, பழம் எங்கேயோ விழுந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து ஒரு லாரி உரசிக்கொண்டு போக, ஜெசிந்தா முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வீடு வந்தாள். சேரன் காயத்துக்கு மஞ்சள் வைத்தான். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு போய், ஆணியிலிருந்த பையை இறக்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எலுமிச்சம்பழம் நூலில் தொங்கியதில்லை. அமாவாசைக்கு அமாவாசை புதுப் பழம். நடுவில் பழம் காணாமல் போனால் அன்றைக்கே புதுசு. கட்டுக் கம்பி, கொக்கி, கிர்ர்க்... கிர்ர்க்.

ஜெசிந்தா அதைத் தடுத்ததில்லை. தடுக்க மனம் வரவில்லை என்பதே சரி. சாரத்தில் நின்று மாடி மாடியாகத் தூண் கட்டிய கைக்கு இப்போது மிச்சம் இருப்பது அந்த ஒரு கட்டுதானே.

வண்டி நிற்கத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். நேராகப் போகும்போது ராஜா மாதிரி போகும். எங்கேயாவது நன்றாக வளைத்துத் திருப்பினால், யாரோ கை நீட்டிச் சாவியைத் திருகியது போலப் பொட்டென்று அணையும். தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, திட்டி, கெஞ்சி, மாதாவைக் கூப்பிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அதற்குள் ஐஸ் உருகிவிடும். மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

மயிலத்துக்குப் பக்கத்து ஊரில் கிருஷ்ணவேணி என்று ஒரு வாடிக்கைக்காரி. நிலபுலம் உள்ள பெரிய குடும்பம். வாரத்தில் பாதி நாள் மீன் வாங்குகிற வீடு. அந்த அம்மா ஒருநாள் நேருக்கு நேராகவே சொல்லிவிட்டாள். “மீன்காரம்மா, ஒன் மீனு நல்ல மீனுதான். ஒன் வண்டிய நம்பி நான் மசாலா அரைச்சி வெச்சிக்கினு உக்கார முடியாது. பாண்டிச்சேரிலேர்ந்து ஒரு வேன்காரன் வர்றான். டயத்துக்கு வர்றான்.”

அன்று வெறும் கையோடு வண்டியைத் திருப்பியபோது, மழையில் நின்ற அந்தக் கூடைக்காரி ஜெசிந்தாவின் கண்ணுக்குள் வந்து நின்றாள். இந்த வண்டி போனால் மறுபடி கூடை. மறுபடி பஸ். மறுபடி அந்த விசில்.

திண்டிவனத்திலேயே அதே கம்பெனிக்கு இன்னொரு ஷோரூம் இருக்கிறது. அதே பெயர்ப் பலகை, அதே சிவப்பு. மேசையிலிருந்த கலைமதி என்ற பெண் சிரித்த முகத்தோடு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாள். விழுப்புரம் என்றதும் சிரிப்பு அப்படியே இருந்தது, பதில் மட்டும் மாறியது. எடுத்த இடத்தில்தான் பார்ப்பார்களாம். விழுப்புரம் போனால், திண்டிவனம் பக்கத்தில்தானே, அங்கே காட்டக் கூடாதா என்றார்கள். பிறகு வேண்டா வெறுப்பாக வண்டியை எடுத்துக்கொள்வார்கள். முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். அப்புறம் ஒருவர் ஓட்டிப் பார்ப்பார். நன்றாக ஓடுகிறதே அம்மா என்று சாவியை நீட்டுவார். கிளச்சை அமுக்கியே ஓட்டுகிறீர்கள் என்றார் ஒருவர். பெண்களுக்கு ஸ்கூட்டிதான் சரி என்றார் இன்னொருவர். கம்பெனிக்கு போன் செய்தால் ஒரு தேன் குரல், எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி என்றது. நன்றி வேண்டாம் தாயே, வண்டியை ஓட வை என்றாள் ஜெசிந்தா. அதற்கும் அந்தக் குரல் நன்றி சொன்னது.

தேவநாதன்தான் கடைசியில் உப்புத் தண்ணீரைக் கண்டுபிடித்தார். வண்டியின் அருகே வந்து மூச்சை இழுத்தார். மீன் ஏற்றுகிறீர்களா என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கடற்கரை ஊர்களில் இருக்கிற வண்டியெல்லாம் ஓடவில்லையா என்று அவள் கேட்டதற்கு, அதைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார்.

அப்படியே அடங்கிப் போகிறவள் இல்லை ஜெசிந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி நிறைய மீனோடு விழுப்புரத்துக்கே போனாள். ஷோரூமுக்குள் திரும்பும் இடத்தில், வாசலிலேயே வண்டி பொட்டென்று அணைந்தது. அன்றைக்கு உள்ளே புது வண்டி எடுக்கப் பெரிய கூட்டம். அவள் இறங்கினாள், வண்டியை அங்கேயே ஸ்டாண்ட் போட்டாள், பெட்டியைத் திறந்தாள்.

“சங்கரா இருக்குது, ஏறா இருக்குது. வாரண்ட்டியோட வாங்கின வண்டி நின்னு போச்சு, அதான் இங்கியே விக்கறேன். மீனுக்கு என் வாரண்ட்டி. கெட்டிருந்தா எங்க வாங்கினன்னு கேக்க மாட்டேன், திருப்பி எடுத்துக்குவேன்.”

புது வண்டி வாங்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே மீன் வாங்கினார்கள். மாலை போட்ட வண்டியின் ஹாண்டிலில் இறால் பை தொங்கியது. தேவநாதன் ஓடி வந்து, வண்டியை உள்ளே தள்ளச் சொன்னார். கழுவினார்கள். ஓட்டினார்கள். பாவி வண்டி, அன்றைக்கும் அவர்கள் கையில் அருமையாக ஓடியது. கூட்டத்துக்கு முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றார்.

“இங்க ஓடும் சார். நம்ம வூட்டுக்கு வந்தா நிக்கும். நீங்க ஒருநாள் வூட்டுக்கு வாங்க. அங்கேர்ந்து ஓட்டுங்க. அப்ப சொல்றேன்.”

அப்படி வந்து சேர்ந்தவர்தான் இப்போது டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

முன்னறையில் சேரன் வேலையை முடித்திருந்தான். இன்று வேறொருவர் ஓட்டப் போகிறார் என்று, பழையதை எடுத்துவிட்டுக் கட்டிய புதுப் பழம், பச்சையாக, பனங்காய் மாதிரி திமிரோடு தொங்கியது. “பாத்து ஓட்டுங்க சார்” என்றான். “பின்னால என் சம்சாரம் உக்கார்றா.”

தேவநாதன் நன்றாகவே ஓட்டினார். நெடுஞ்சாலையில் காற்று பறந்தது. கியர் மாற்றும்போதெல்லாம், எப்படி என்பது போலக் கண்ணாடியில் ஜெசிந்தாவைப் பார்த்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் ரோட்டுக்குத் திருப்பினார்.

பொட்.

சாலைக்கு நடுவில், பட்டப்பகலில், கம்பெனியின் பெயர் முதுகில் எழுதிய சட்டையோடு தேவநாதன் நின்றார். பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பியது. அதற்குப் பின்னால் ஒரு கரும்பு டிராக்டர். உதைத்தார், பட்டனை அழுத்தினார், மறுபடி உதைத்தார். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, முதுகை நிதானமாகப் படித்துவிட்டு, “இன்னா சார், கம்பெனி வண்டியே தள்ளற வண்டியா? ஜல்தியா ஓரம் கட்டுங்க” என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

சிரிக்காதவள் ஜெசிந்தா ஒருத்திதான். பின்னாலிருந்து இறங்கி, அவரோடு சேர்ந்து புளியமர நிழலுக்குத் தள்ளினாள். இந்தச் சிரிப்பு எங்கே குத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

தேவநாதனின் சட்டை நனைந்துவிட்டது. கைக்குட்டை மூக்கை விட்டு நெற்றிக்குப் போயிருந்தது. அவர் குனிந்து, ஹாண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பினார். முன் விளக்கின் அடியில் விரலை விட்டவர் அப்படியே நின்றார்.

“இது யாரு கட்டினது?”

“வூட்டுக்காரரு.”

“எப்பவும் கம்பிலதான் கட்டுவாரா?”

“ஆமா சார். நீங்கதான் ஒவ்வொரு வாட்டியும் கழட்டிப் போட்டுட்றீங்க. வூட்டுக்கு வந்ததும் அவரு மறுபடி கட்டிடுவாரு.”

தேவநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஷோரூமில் வண்டி கழுவுகிறவர்கள் தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் மாலை, பழம், கயிறு எல்லாவற்றையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி அவர் கைக்கு வரும். இந்தப் பழத்தோடு இந்த வண்டியை அவர் இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொடுகிறார்.

சீட்டின் அடியிலிருந்த கட்டிங் பிளேயரால் அந்தக் கட்டை வெட்டி எடுப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படி ஒரு கட்டு. விளக்குக்குப் பின்னால் ஓடுகிற வயர் கொத்தையும் சேர்த்துக் கட்டுக் கம்பி இறுக்கியிருந்தது. முறுக்கிய முனை ஒரு வயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. எஞ்சினை அணைக்கிற வயர் அது. ஹாண்டிலை வளைத்தால் கம்பி போய் வண்டியின் இரும்பில் படும், எஞ்சின் அணையும். கம்பியை எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. உப்பும் இல்லை, மீனும் இல்லை.

அவர் சொல்லி முடித்ததும் ஜெசிந்தா மரத்தில் கை ஊன்றிக்கொண்டாள். தூரத்தில் மயிலம் குன்று வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. ஷோரூம் வாசலில் பெட்டியைத் திறந்து நின்றது, தெருவெல்லாம் கம்பெனியைத் திட்டியது எல்லாம் ஞாபகம் வந்தது. அவை ஒரு நொடியில் போய்விட்டன. நெஞ்சில் வந்து நின்றது ஆணியில் தொங்குகிற அந்தப் பைதான்.

“அப்ப இது கஸ்டமர் பண்ணின வேல. வாரண்ட்டில...” என்று தேவநாதன் ஆரம்பித்தார். குரலில் ஒரு நிம்மதி கூட இருந்தது.

“சரி சார். என் செலவுலியே மாத்திக்கறேன். ஒங்க வாசல்லியே வந்து நின்னு, தப்பு என்துதான்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்றேன். அவரு கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“விழுந்ததுலேர்ந்து அவரு கையில வேற வேல இல்ல சார். நான் பத்திரமா வூட்டுக்கு வர்றதே அவரு போடற கட்டாலதான்னு நம்பிக்கினு இருக்கறாரு. அந்தக் கட்டுதான் என்னை ரோட்டுல நிக்க வெச்சதுன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சி போயிடுவாரு.”

தேவநாதன் கையிலிருந்த கம்பித் துண்டைப் பார்த்தார். அதில் எலுமிச்சம்பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இந்த எடத்துல மொதல்ல கட்டிக் குடுத்தது நாங்கதாம்மா” என்றார். “அவிழ்க்காதீங்கன்னு சொன்னதும் நாங்கதான். நீங்க கொண்டாந்து விட்ட மாதிரியே ஒரு வாட்டி ஓட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மீன் வாடைய மோந்துட்டு, உப்புத் தண்ணின்னு வாய்ல வந்தத சொல்லிட்டேன்.” கம்பியை வீசி எறிந்தார். “வயரிங் முழுசா புதுசு, வாரண்ட்டில. நீங்க விழுப்புரம் வர வேணாம். திண்டிவனத்துலியே மாட்டித் தரச் சொல்றேன். எங்க எடுத்தீங்கன்னு எவனாவது கேட்டா எனக்கு போன் போடுங்க.”

கிழிந்த வயருக்கு டேப் சுற்றினார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. திரும்பி வரும்போது ஜெசிந்தா ஓட்டினாள். திருப்பத்தில் வேண்டுமென்றே நன்றாக வளைத்துத் திருப்பினாள். வண்டி நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தேவநாதன், ஸ்கூட்டி வாங்கியிருக்கலாம் என்று சொன்ன தன் ஆளை நினைத்துக்கொண்டார்.

சேரன் வாசற்படியிலேயே கம்பை ஊன்றி நின்றிருந்தான். தேவநாதன், ஜெசிந்தா கேட்டுக்கொண்டபடியே சொன்னார். ஒரு வயர் பலவீனமாக இருந்ததாம், கம்பெனியே புதிது மாட்டித் தருமாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் போல, அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். சேரனின் முகம் மலர்ந்துவிட்டது. நான் அப்போதே சொன்னேன், அவள் ஓட்டுவதில் குறையே இருக்காது என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஜெசிந்தா அவருக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். செம்பைக் குடத்தில் விட்டபோது முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கிர்ர்க்.

அவள் செம்பைப் போட்டுவிட்டு வந்தாள். சேரன் இடுப்பு வலியோடு மண்டியிட்டு, புதுப் பழத்தை அதே இடத்தில் வைத்து, கம்பியைச் சுற்றி, கொக்கியால் முதல் முறுக்குப் போட்டிருந்தான். “கழட்டிட்டாங்க பாரு. புது வயரு வர்ற வரைக்கும் வெறுமனே போவக் கூடாது” என்றான். தேவநாதன் அவளைப் பார்த்தார்.

மறைத்தால் இவன் நாளைக்கும் கட்டுவான். நாளைக்கும் நிற்கும். இரக்கப்பட்டு ஒரு பொய்யைச் சொல்லி, அதற்குக் காவலாகத் தினமும் இன்னொரு பொய் சொல்கிறவளா ஜெசிந்தா? அவள் அவன் பக்கத்திலேயே மண்டியிட்டு, கொக்கி பிடித்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

“வேணாங்க. அந்த வயர அறுத்தது இந்தக் கம்பிதான்.”

சேரன் தேவநாதனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

“வண்டி நின்னதெல்லாம்... என்னாலயா ஜெசி?”

“கட்டு ஒறுதியாப் போட்டுட்டீங்க. தூணுக்குப் போடற கட்டு. வண்டிக்குத் தாங்கல.”

அவன் கொக்கி கீழே விழுந்தது. எத்தனையோ மாடிகளைத் தாங்கிப் பிடித்த விரல்கள். ஜெசிந்தா அவற்றை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். எழுந்து போய், மாதா படத்துக்குப் பூ கட்டுகிற நூல்கண்டை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதுல கட்டுங்க.”

“நூலு அவுந்துடுமே. அன்னிக்கே அறுந்து விழுந்துச்சு.”

“விழட்டும். விழுந்தா மறுபடி கட்டுங்க. தெனம் காலைல நான் கெளம்பறப்ப கட்டுங்க. அதுக்குத்தான வூட்டுல ஒரு ஆளு வேணும்? கம்பி கட்டிட்டா அப்புறம் நீங்க எதுக்கு?”

சேரன் அவளையே பார்த்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. அதோடு கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. “இத்தினி வருசத்துல என் கட்டுல தப்பு கண்டுபுடிச்ச மொத ஆளு நீதான்” என்றான். பிறகு தேவநாதன் பக்கம் திரும்பி, “எந்த எடத்துல கட்டலாம் சார், சொல்லுங்க” என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்பது போலக் கேட்டான்.

தேவநாதனும் மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியின் தண்டைத் தொட்டுக் காட்டினார். வயரும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. சேரன் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். கிர்ர்க் என்று எந்தச் சத்தமும் வரவில்லை. பழம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

புறப்படும்போது ஜெசிந்தா வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கராவை ஒரு பையில் போட்டு நீட்டினாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை அம்மா என்று தேவநாதன் பின்வாங்கினார். நாளைக்கு என்றாள். நாளைக்குப் பெருமாளுக்கு என்றார்.

“ஞாயித்துக்கெழமைக்குமா ஒரு சாமி இருக்குது?”

“ஞாயித்துக்கெழமை குடும்மா. ஷோரூம் வாசலுக்கே கொண்டாந்து குடு. ஆனா பெட்டியத் தொறந்துடாத.”

மூவரும் சிரித்தார்கள். அவர் தன் வண்டியை எடுத்தார். கைக்குட்டை அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. தெருமுனையில் திரும்பும்போது ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினார்.

ஜெசிந்தா போனை எடுத்துக் கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டாள். நாளைக்கு மசாலா அரைத்து வையுங்கள், வேன்காரன் வருவதற்கு முன்னால் நான் வந்து நிற்பேன் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டார்களோ, “என் வாரண்ட்டி” என்று சொல்லி வைத்துவிட்டாள். மூலையிலிருந்த மீன் பெட்டியைத் தூக்கி வண்டியில் கட்டினாள். சேரன் கொக்கியைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, நூல்கண்டை எடுத்து ஜன்னலில், கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். தெருவில் தேவநாதனின் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்திருந்தது. கதவைச் சாத்தினாள்.